அழுக்குப் படகு வேறு, ஓடாத படகு வேறு

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி ஏழு மாதம் ஆகிறது. கணவருக்குப் படிக்கும் காலத்திலிருந்தே பாய்மரப் படகு ஓட்டிப் பழக்கம். நான் அவரோடு நான்கைந்து முறை போயிருக்கிறேன், அவ்வளவுதான். 1976-ல் கட்டிய 36 அடி ஃபைபர்கிளாஸ் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஆறு வருடமாகக் கரையில் ஸ்டாண்டில் நிற்கிறது. அதே அளவுள்ள ஓடும் படகின் விலையில் கால்பங்குகூடக் கேட்கவில்லை. எஞ்சின் கடைசியாக ஓடியபோது நன்றாக ஓடியது என்கிறார் விற்பவர். வார இறுதிகளில் நாமே வேலை பார்த்தால் ஒரு வருடத்தில் தண்ணீரில் இறக்கிவிடலாம், அப்புறம் ஆறு மாதம் லீவு போட்டுவிட்டுப் பயணம் போகலாம் என்கிறார் கணவர். சேமிப்பில் பாதி இதற்குப் போய்விடும். எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. படகைப் பார்க்கப் போன அன்று மேல்தளத்தில் ஒரு இடத்தில் கால் வைத்தபோது லேசாக அமுங்கியது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததால் அதைச் சொல்லவில்லை. வாங்கலாமா?

பதில்:

சகோதரி, படகின் வயது, நீளம், விலை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது கடைசியில் எழுதியதுதான். கால் அமுங்கியது, அதைச் சொல்லவில்லை. இன்று சாயங்காலமே சொல்லிவிடுங்கள். இருபது வருடத்துக்கு மேலாகப் படகு சர்வே செய்து பிழைப்பவன் நான். விற்பவர் மறைத்ததைத் தோண்டி எடுப்பது என் வேலை, அதற்குக் கூலி வாங்குகிறேன். வாங்குகிற இருவரில் ஒருவர் மற்றவருக்காக மறைத்ததைத் தோண்டி எடுக்க நேர்ந்தால் எனக்கே சங்கடமாகிவிடும். உங்கள் கணவர் அன்று பாய்மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். நீங்கள் கால் வைத்த இடத்தைக் கவனித்திருக்கிறீர்கள். படகு பார்க்கப் போகும்போது அப்படி ஒரு ஆள் கூட இருப்பது நல்லது.

அந்த அமுக்கம் எதனால் என்று சொல்கிறேன். அந்தக் காலத்து ஃபைபர் படகுகளில் தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பகுதி பெரும்பாலும் முழுக்க ஃபைபர்கிளாஸ், நல்ல கனமாகவே போட்டிருப்பார்கள். மேல்தளத்தின் கதை வேறு. எடையும் ஏறக்கூடாது, நடந்தால் நெளியவும் கூடாது என்பதற்காக மேலே ஒரு மெல்லிய ஃபைபர் தகடு, கீழே ஒன்று, இரண்டுக்கும் நடுவில் பால்சா என்ற லேசான மரம் அல்லது பிளைவுட் வைத்து ஒட்டினார்கள். மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை கல் மாதிரி இருக்கும். ஆனால் அதே தளத்தில்தான் கைப்பிடிக் கம்பிக்கு, கயிறு கட்டும் கட்டைக்கு, ஜன்னலுக்கு என்று நூற்றுக்கணக்கில் துளை போட்டு போல்ட் முடுக்கியிருப்பார்கள். போல்ட்டைச் சுற்றிப் பூசிய பசை பதினைந்து இருபது வருடத்தில் காய்ந்து வெடித்துவிடும். மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நடு மரத்துக்குள் இறங்கும். மேலே ஃபைபர், கீழே ஃபைபர், வெளியே போக வழி கிடையாது. மரம் ஊறி, கறுத்து, கூழாகும். வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

அடுத்த முறை போகும்போது ஒரு நாணயமும் ஒரு சாக்குக்கட்டியும் எடுத்துக்கொண்டு போங்கள். அமுங்கிய இடத்திலிருந்து ஒரு எட்டு தள்ளி ஆரம்பித்து, நாணயத்தின் விளிம்பால் தட்டிக்கொண்டே உள்ளே வாருங்கள். நல்ல தளம் 'டக் டக்' என்று கூர்மையாகப் பேசும். கெட்ட இடம் வந்ததும் சத்தம் 'தொப்' என்று இறங்கிவிடும். இறங்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். சுற்றிச் சுற்றித் தட்டினால் அரை மணி நேரத்தில் சாக்குக்கட்டியில் ஒரு வரைபடமே வந்துவிடும். விற்பவர் பக்கத்தில் நின்று முகம் சுளிப்பார், பரவாயில்லை.

அந்த வட்டம் ஒரு கைப்பிடிக் கம்பியின் அடியைச் சுற்றி ஒரு முழத்துக்குள் நின்றால் கவலை வேண்டாம், கற்றுக்கொள்ள நல்ல வேலை அது. மேல் தகட்டை வெட்டி எடுத்து, அழுகிய மரத்தைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, புது மரம் வைத்து எபாக்ஸி என்ற கெட்டியான பிசினில் ஒட்டி, மேலே மறுபடி ஃபைபர் போட வேண்டும். புதிதாகச் செய்பவருக்கு மூன்று நான்கு வார இறுதி பிடிக்கும். அதன் பிறகு போல்ட் துளையை அப்படியே போட்டுவிடாதீர்கள். தேவையான அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, விளிம்பில் இருக்கும் மரத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் குடைந்து, கெட்டியாகக் குழைத்த எபாக்ஸியால் அடைத்து, அது இறுகியதும் அதன் நடுவே சரியான அளவில் துளைக்க வேண்டும். அதற்கப்புறம் போல்ட்டைச் சுற்றிப் பூசும் பசை காய்ந்து வெடித்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. 1976-லேயே இதைச் செய்திருந்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பாதி வேலை இருந்திருக்காது.

வட்டம் பாய்மரத்தின் அடி வரைக்கும் ஓடினால், அல்லது பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம் வரைக்கும் ஓடினால், இந்தப் படகை விட்டுவிடுங்கள். கம்பிகளின் மொத்த இழுவையையும் தாங்குவது அங்கே தளத்துக்குள் ஒளிந்திருக்கும் ஸ்டீல் பட்டைகள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மைதான். அதைக் காப்பது மேலே தானாகப் படியும் மெல்லிய படலம். அந்தப் படலம் நிலைக்கக் காற்றில் உள்ள ஆக்ஸிஜன் வேண்டும். ஊறிய மரத்துக்குள் காற்று புகாமல் ஈரத்தோடு வருடக்கணக்கில் கிடக்கும் பட்டை, வெளியே தெரியும் பாகம் கண்ணாடி மாதிரி இருக்க, உள்ளே அரித்துப் பாதியாகியிருக்கும். ஒரு முறை அப்படி ஒரு பட்டையை வெளியே எடுத்துக் கையால் வளைத்தேன், பிஸ்கட் மாதிரி முறிந்தது. அந்தப் படகு முந்தின வாரம்தான் கடலுக்குப் போய் வந்திருந்தது.

உங்கள் படகுக்கென்று இன்னொரு விசேஷம் உண்டு. ஆறு வருடம் கரையில் நின்றது என்றால், அடி காய்ந்திருக்கும், மேல் ஊறியிருக்கும். அந்த வயதுப் படகுகளின் அடியில் கொப்புளம் போடுவது சகஜம். தண்ணீர் மேல்பூச்சைத் தாண்டி உள்ளே போய், ஃபைபரை ஒட்டவைக்கும் ரெசினில் சரியாக இறுகாத பகுதியோடு சேர்ந்து, புளித்த வாடையடிக்கும் திரவமாகி உப்பும். கரையில் நின்று காய்ந்தால் அந்தக் கொப்புளங்கள் வற்றிக் கண்ணுக்கே தெரியாமல் போகும். ஈரமானி வைத்துப் பார்த்தாலும் ஈரம் குறைவு என்றே காட்டும். அதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். உண்மையைச் சொல்லப்போனால் கொப்புளத்தால் மூழ்கிய படகை நான் பார்த்ததில்லை, விலை பேச உதவுகிற குறை அது. எனக்குக் கவலை மழைத் தண்ணீர்தான். படகு ஓட்டுபவர் உட்காரும் பள்ளத்தின் வடிகால் குழாய் இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே வழிந்து படகின் அடிவயிற்றில் தேங்கும். டார்ச் அடித்து எஞ்சினின் பக்கவாட்டைப் பாருங்கள். குளத்துப் படிக்கட்டில் தெரிகிற மாதிரி ஒரு அழுக்குக் கோடு தெரிந்தால், அந்த உயரம் வரைக்கும் எஞ்சின் தண்ணீரில் நின்றிருக்கிறது. "கடைசியாக ஓடியபோது நன்றாக ஓடியது" என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எல்லா எஞ்சினும் கடைசியாக ஓடியபோது ஓடத்தான் செய்தது. ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றவில்லை என்றால் புது எஞ்சினுக்கான பணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீலையும் சொல்லிவிட வேண்டும். படகின் அடியில் தொங்கும் அந்தக் கனமான இரும்பு அல்லது ஈயப் பாளம்தான் படகைக் கவிழாமல் நிமிர்த்துகிறது. அது உடலோடு சேரும் இடத்தில், முக்கியமாக முன்விளிம்பில், சிரித்த வாய் மாதிரி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதாவது தரை தட்டியதா என்றும் கேளுங்கள். 2014 மே மாதம் 'சீக்கி ரஃபீகி' என்ற பாய்மரப் படகு அட்லாண்டிக்கில் கீல் பிய்ந்து கவிழ்ந்தது. நான்கு பேரும் திரும்பவில்லை. முன்பு பல முறை தரை தட்டியதும், அதற்குப் பார்த்த பழுதுகளும் சேர்ந்து கட்டுமானத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணை. ஆழமில்லாத இடத்தில் லேசாக உரசியது, ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

மற்றதெல்லாம் சர்வேயர் பார்த்துக்கொள்வார். என் தொழிலுக்கு நானே விளம்பரம் செய்வதாக நினைத்தாலும் சரி, சர்வே இல்லாமல் முன்பணத்துக்கு மேல் ஒன்றும் கொடுக்காதீர்கள். விற்பவர் கைகாட்டும் சர்வேயர் வேண்டாம். சர்வேயில் திருப்தி இல்லாவிட்டால் முன்பணம் திரும்ப வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்வே நடக்கும் அன்று இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருங்கள். ரிப்போர்ட்டில் நாங்கள் ஜாக்கிரதையாக எழுதுவோம், படகின் மேல் நின்று பேசும்போது மனதில் பட்டதைச் சொல்லிவிடுவோம். ஆறு வருட ஸ்டாண்டு வாடகை கட்டியாகிவிட்டதா என்பதையும் யார்டு ஆபீஸில் நேராகவே கேளுங்கள். படகின் மேல் உள்ள பாக்கி படகோடு சேர்ந்தே உங்களிடம் வரலாம். பாக்கி இல்லை என்று கடிதம் வாங்குங்கள். விற்பனைப் பத்திரம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கட்டும்.

இப்போது உங்கள் கணவரின் ஒரு வருடக் கணக்குக்கு வருவோம். 52 வாரம், வாரத்துக்கு இரண்டு நாள். அதில் மழை, காய்ச்சல், உறவுக்காரர் கல்யாணம், ஆர்டர் செய்த சாமான் வராத வாரம் எல்லாம் போகும். ஒன்றும் போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். படகு வேலையில் ஒரு நாள் என்பது நிஜத்தில் ஐந்து மணி நேரம். மீதி ஏணியில் ஏறி இறங்கி ஸ்பானர் தேடுவதிலும், கை கழுவுவதிலும் போய்விடும். ஆக ஒருவருக்கு 520 மணி, இருவருக்கும் சேர்த்து 1,040. இந்த நிலையில் நின்ற 36 அடிப் படகு, சொந்தக் கையால் 1,500 மணிக்குக் குறைவாக முடிந்ததை நான் பார்த்ததில்லை. இரண்டு மடங்கு ஆனதைப் பார்த்திருக்கிறேன். பணமும் அப்படித்தான். பாய்கள், தாங்கு கம்பிகள், எஞ்சின் ஆகிய மூன்றை மட்டும் புதிதாகப் போட்டாலே நீங்கள் படகுக்குக் கொடுக்கப்போகும் விலையைத் தாண்டிவிடும். அந்தக் கம்பிகளைப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். வெளியில் நன்றாகத் தெரிகிறதே என்று காப்பீட்டுக்காரரிடம் வாதாட முடியாது.

நீளத்தைப் பற்றியும் யோசியுங்கள். 28 அடிக்கும் 36 அடிக்கும் எட்டடிதானே வித்தியாசம் என்று தோன்றும். ஒரே வடிவம் என்று வைத்துக்கொண்டால் நீளம் கால்பங்குக்குச் சற்று மேல் கூடும்போது எடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். நங்கூரம், கயிறு, பாய், எஞ்சின், பெயின்ட், தூக்கி இறக்கும் கிரேன் கூலி எல்லாம் நீளத்தை மட்டும் பார்த்து ஏறுவதில்லை, படகின் மொத்தப் பருமனைப் பார்த்து ஏறுகின்றன. பாய்மரப் பயணத்துக்குப் பேர்போன லின், லாரி பார்டே தம்பதி தங்கள் கையால் கட்டி 1968-ல் தண்ணீரில் இறக்கிய 'செராஃபின்' 24 அடிச் சொச்சம்தான், எஞ்சினும் கிடையாது. அதில் பதினொரு வருடம் உலகைச் சுற்றினார்கள். எஞ்சின் இல்லாமல் போகச் சொல்லவில்லை, எனக்கே அந்தத் தைரியம் கிடையாது. இரண்டு பேருக்கு எவ்வளவு பெரிய படகு வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

என்னிடம் வந்த இரண்டு ஜோடிகள் ஞாபகம் வருகிறார்கள். ஒரு ஜோடி உங்களுடையது மாதிரி ஒரு படகை வாங்கி ஐந்து வருடம் உழைத்தது. உள்ளே மரவேலை நகைப்பெட்டி மாதிரி இருக்கும், வார்னிஷ் மட்டும் எட்டுப் பூச்சு. ஆனால் படகு தண்ணீரைப் பார்க்கவே இல்லை. நான் போனது விற்பதற்கான சர்வேக்கு. வீடு, அதற்குள் இரண்டாகியிருந்தது. படகுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஐந்து வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குள் போயிருந்தன. இன்னொரு ஜோடி வாங்கிய 27 அடிப் படகு பார்க்கவே சகிக்காது. மெத்தை கிழிசல், வெளிறிய பெயின்ட், ஜன்னலில் டேப். ஆனால் எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடிக்கும், படகின் அடியில் தண்ணீர் வந்துபோகும் துளைகளின் வால்வுகள் எல்லாம் புதிது. வாங்கிய வாரமே ஓட்டினார்கள். மூன்று வாரம் ஓட்டு, ஒரு வாரம் வேலை என்று வைத்துக்கொண்டார்கள். எது ஒழுகுகிறது, எது தேவையில்லை என்பதைப் படகே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. எட்டுப் பூச்சு வார்னிஷ் இன்றைக்கும் அந்தப் படகில் கிடையாது.

அதனால் என் பதில்: அழுக்காக இருந்தாலும் ஓடுகிற படகாகப் பார்த்து, இருபத்தெட்டு அடிக்குள் வாங்குங்கள். அழுக்கை ஓட்டிக்கொண்டே கழுவிக்கொள்ளலாம். உங்கள் கணவர் இதே படகுதான் என்று நின்றால், சாக்குக்கட்டிக் கோடு சிறியதாகவும், கீல் நன்றாகவும், எஞ்சின் சுற்றுவதாகவும் இருந்தால் மட்டும் பேச்சைத் தொடருங்கள். சர்வே ரிப்போர்ட் வருவதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் தனித்தனியாக ஒரு தொகையை எழுதி மடித்து வையுங்கள், இதற்கு மேல் போனால் விட்டுவிடலாம் என்கிற தொகை. பிரித்துப் பார்க்கும்போது இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. இதற்கு மட்டும் ஓட்டெடுப்பு வேண்டாம்.

எந்தப் படகாக இருந்தாலும் முதல் வேலை அடியில் தண்ணீர் வந்துபோகும் துளைகளின் வால்வுகள். பித்தளை வால்வு உப்புநீரில் துத்தநாகத்தை இழந்து இளஞ்சிவப்பாகிப் பொடியும். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று கழன்றால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே வரும், கையால் இறைத்து மாளாது. ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும், துளையை அடைக்கக் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

உடம்பு விஷயம் ஒன்று. பழைய படகின் அடியைத் தேய்க்கும் வேலையைப் புதுமணத் தம்பதிகள் சிரித்துக்கொண்டே படம் எடுத்துப் போடுகிறார்கள், எனக்குப் பகீரென்கிறது. பாசி பிடிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் பூசிய பெயின்ட்டில் டிரைபியூட்டில்டின் என்ற தகரக் கூட்டுப்பொருள் இருந்தது. உலக அளவிலான தடை 2008-ல்தான் அமலுக்கு வந்தது. 1976 படகில் அடியடுக்குகளில் அது இருக்கலாம், ஈயமும் இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. ஈரமாகச் சுரண்டுங்கள், தூசுக்கும் ஆவிக்கும் பொருந்திய சரியான முகமூடி போடுங்கள், தூளைத் தண்ணீரில் விடாதீர்கள். எபாக்ஸி கையில் பட்டுப் பட்டு ஒரு நாள் ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கப் போகாது, ஒவ்வொரு முறையும் கையுறை வேண்டும். குழந்தை பற்றிய யோசனை இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே பேசுங்கள். அந்தக் கட்டத்தில் இந்த வேலையைக் கூலிக்கு விடுவது நல்லது.

அப்புறம், வேலையைப் பிரிக்கும்போது அவருக்கு எஞ்சின், உங்களுக்குத் திரைச்சீலை என்று பிரிக்காதீர்கள். நான்கைந்து முறைதான் போயிருக்கிறேன் என்கிறீர்கள். ஆறு மாதப் பயணத்தில் ஒரு இரவு அவர் தூங்குவார், நீங்கள் சுக்கானில் இருப்பீர்கள். அவர் கால் தவறித் தண்ணீரில் விழுந்தால் பாயை இறக்கி, படகைத் திருப்பி, அவர் பக்கத்தில் நிறுத்தி, நனைந்த துணியோடு கனக்கும் ஒரு ஆளை நீங்கள் ஒருவராக மேலே ஏற்ற வேண்டும். பெரும்பாலான கணவர்கள் இதை யோசித்தே பார்ப்பதில்லை, விழப்போவது தாங்கள்தான் என்றாலும். இப்போதே யாருடைய படகிலாவது, கணவர் இல்லாத ஒரு பயிற்சி வகுப்பில் சேருங்கள். அவரிடமே கற்றுக்கொண்டால் இரண்டாம் நாளே சண்டை வரும், என் வீட்டில் வந்தது. டீசல் பைப்பில் காற்றுப் பிடித்தால் எடுப்பது, படகைக் கரையில் அணைப்பது, இந்த இரண்டும் உங்கள் கைக்கு வந்துவிட்டால் படகு பாதி உங்களுடையதாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை போகிறீர்கள் என்றால் மழை பெய்து ஓய்ந்த மறுநாளாகப் பாருங்கள், ஒழுகும் இடமெல்லாம் தானே காட்டிக்கொடுக்கும். சாக்குக்கட்டிக் கோடு போட்டதும் தளத்தை மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கோட்டுக்குள் கணவரை ஒரு முறை நிற்கச் சொல்லி எடுத்தால் அளவும் எனக்குத் தெரியும், அவருக்கும் கால் அமுங்கும்.